நாற்பது மீட்டர் வயரில் கரைந்துபோன விமானங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று பார்த்தால் ஏழு கன்னியர் மலை தெரியும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்க வந்த மார்ட்டின் எயார் டிசி-8 விமானம் அந்த மலையில்தான் மோதியது. இருந்த 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அப்பாவுக்கு அப்போது 11 வயது. லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கதவெல்லாம் அதிர்ந்ததையும், மறுநாள் ஆட்கள் மலையேறிப் போனதையும் இன்றைக்கும் சொல்வார். விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துவிட்டார்கள் என்பதுதான் விசாரணையின் முடிவு.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இன்றைய விமானங்கள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை நொடிக்கு இரண்டு தடவை ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்லிக்கொண்டே பறக்கின்றன என்று தெரிந்தபோது மனம் நின்றுவிட்டது. ஏடிஎஸ்-பி என்று அதற்குப் பெயர். செய்மதி வழியாகத் தன் இருப்பிடத்தை அறிந்து, அதோடு உயரம், வேகம், பயண இலக்கம் எல்லாவற்றையும் 1090 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் விமானமே ஒலிபரப்புகிறது. ஒரு செய்தி 112 பிட். அது போய் முடிய 120 மைக்ரோ செக்கன். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. டிவி பார்ப்பதற்கென்று வந்த ஆர்டிஎல் சிப் வைத்த யூஎஸ்பி டொங்கிள் ஒன்றும், ஏழு சென்டிமீட்டர் கம்பியும், பழைய கம்ப்யூட்டரும் இருந்தால் யாரும் பிடிக்கலாம்.

நான் 2022இல் தொடங்கினேன். பொருளாதார நெருக்கடியில் அந்த ஆண்டு இலங்கை எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. இந்த வேலைக்குப் பலரும் வைக்கும் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் உலகம் முழுக்கவே தட்டுப்பாடு. கிடைத்தாலும் டொலர் இருந்த விலையில் வாங்க முடியாது. ஆகவே பழைய லெப்டொப் ஒன்றைத்தான் பயன்படுத்தினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், லெப்டொப்பை மழையில் வைக்க முடியாது, அது வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். பின்னால் நடந்த அத்தனைக்கும் வேர் அதுதான்.

எங்கள் லயம் ஒரு குழிக்குள் இருக்கிறது. மூன்று பக்கமும் தேயிலை மலை ஏறிப் போகும்; மேற்குப் பக்கம் மட்டும் கினிகத்தேனை நோக்கிச் சரிந்து திறக்கும். முதலில் அன்டெனாவை ஜன்னல் படியில் வைத்தேன். 1090 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் 27.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 6.9. அந்த அளவுக்கு வெட்டிய செப்புக் கம்பியும், அடியில் சாய்த்து விரித்த நான்கு கம்பிகளும்தான் அன்டெனா. ஆறு, ஏழு விமானங்கள் பிடித்தது. ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு மேல் எதுவும் இல்லை. அதற்கே வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால் மேட்டில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கே நின்றால் மேற்கே அடுக்கடுக்காக மலை இறங்குவது தெரியும். அன்டெனாவை அங்கே ஏற்றினால் கொழும்பு வானமே வீட்டுக்குள் வந்துவிடும் என்று நினைத்தேன். அலை மலையை ஊடுருவாது, பார்வைக் கோடு வேண்டும், உயரம்தான் எல்லாம் என்று படித்திருந்தேன். அது உண்மையும்தான். 11,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் அலை, தடை எதுவும் இல்லையென்றால், கடல் மட்டத்தில் நிற்கும் அன்டெனாவுக்கே 430 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்து சேரும். மேலே போகப் போக இன்னும் கூடும்.

சரி என்று கொழும்புக்குப் போன வேலையோடு புறக்கோட்டையில் 40 மீட்டர் கேபிள் வாங்கி வந்தேன். ஆர்ஜி-58. மெல்லிய, கறுப்பான, 50 ஓம் கேபிள். ஓம் என்பது இங்கே அலைக்குக் கேபிள் காட்டும் மின்மறுப்பின் அளவு; கேபிளுக்கும் ரிசீவருக்கும் அது ஒத்துப்போனால் அலை திரும்பிப் போகாது. ரேடியோவுக்கு என்று கேட்டேன், ரேடியோ கேபிளைத்தான் தந்தார்கள். எந்த அலைவரிசைக்கு என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தொட்டியடியில் ஜீஐ பைப் நட்டு, அட்டைக் கடி வாங்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு அடியால் கேபிளை இழுத்து வந்து, இருட்டுகிற நேரத்தில் டொங்கிளில் மாட்டினேன்.

மூன்று விமானங்கள். ஜன்னல் படியில் இருந்ததை விடக் குறைவு.

அடுத்த இரண்டு வாரமும் நான் தவறான இடத்தில் தேடினேன். அன்டெனாவை மாற்றிச் செய்தேன். பைப்பை இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்தினேன். மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். கேபிள் என்பது வெறும் வழி, அதில் நுழைந்தது அப்படியே மறுபக்கம் வரும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்திருக்கிறது. கரண்ட் வயரைப் பார்த்துப் பழகிய கண் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு தொட்டியடிக்கே போனேன். நீளக் கேபிளைக் கழற்றிவிட்டு, அரை மீட்டர்த் துண்டு ஒன்றால் அதே அன்டெனாவை டொங்கிளில் மாட்டினேன். ஒரு நிமிடத்துக்குள் 23 விமானங்கள். மன்னார்க் கடலுக்கு மேலே, மாலைதீவுப் பக்கம், தெற்கே கடலுக்கு மேலே எல்லாம் புள்ளிகள். திரும்ப நீளக் கேபிளைப் போட்டுக் கீழே வந்து பார்த்தேன். மூன்று. என் அன்டெனாவில் ஒரு குறையும் இல்லை. வந்த அலையெல்லாம் வரும் வழியிலேயே கரைந்துகொண்டிருந்தது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தொடங்குகிற எல்லோரும் விழுகிற குழி இது. கேபிளில் இழப்பை டெசிபெல்லில் சொல்வார்கள். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் சக்தி பாதியாகும். 1090 மெகாஹேர்ட்ஸில் ஆர்ஜி-58 கேபிள் மீட்டருக்குச் சுமார் 0.6 டெசிபெல் தின்னும்; தரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். 40 மீட்டருக்கு 24 டெசிபெல். அதாவது எட்டுத் தடவை பாதியாக்க வேண்டும். ஒரு காகிதத்தை எட்டுத் தடவை மடித்தால் மிஞ்சும் அளவு, 256இல் ஒரு பங்கு. தூரத்தில் சொன்னால் இன்னும் நன்றாக உறைக்கும். 6 டெசிபெல் போனால் பிடிக்கும் தூரம் பாதி. 24 போனால் பதினாறில் ஒன்று. 400 கிலோமீட்டரில் கேட்க வேண்டியது 25 கிலோமீட்டரில்தான் கேட்கும். நான் மலைமேல் சம்பாதித்த உயரத்தை எல்லாம் கேபிள் வாங்கிக்கொண்டு, மேலும் கேட்டிருக்கிறது.

இதே ஆர்ஜி-58 கேபிளைக் கீழ் அலைவரிசைகளில் எத்தனையோ பேர் குறையில்லாமல் பயன்படுத்துகிறார்கள். அலைவரிசை ஏற ஏற மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் மட்டும் ஓடும். 1090 மெகாஹேர்ட்ஸில் அந்தத் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்கு. கம்பி மெலிதானால் தோலின் பரப்பும் குறைவு, அதனால் சூடாகப் போவது அதிகம். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கும் தன் பங்குக்கு உறிஞ்சும். அதனால்தான் டொங்கிளோடு வரும் குட்டி அன்டெனாவின் நூல் போன்ற ஆர்ஜி-174 வயர் மீட்டருக்கு ஒரு டெசிபெல்லுக்கு மேல் சாப்பிடுகிறது. விரல் கனத்தில் இருக்கும் எல்எம்ஆர்-400 வகைக் கேபிள் 0.14 அளவில்தான் எடுக்கும். ஆனால் அதை 40 மீட்டர் இங்கே தேடி வாங்கும் விலையில் இன்னும் இரண்டு ரிசீவர் கட்டலாம்.

எனக்கு வழி காட்டியது சித்தப்பா மகன். டிஷ் அன்டெனா மாட்டுவதுதான் அவர் தொழில். நான் வயரைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் வந்து பார்த்தார்.

"இந்த வயரப் போட்டா டிவி தெரியும்னு நெனச்சியா தம்பி?"

"இது டிவி இல்லண்ணே, பிளேன்."

"என்னவா இருந்தா என்ன, எத்தன மெகாஹேர்ட்ஸ்?"

1090 என்றேன். சிரித்துக்கொண்டே லயத்துக் கூரைகளைக் காட்டினார். வரிசையாக டிஷ்கள். டிஷ்ஷிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கேபிளில் ஓடுவது 950க்கும் 2150க்கும் இடைப்பட்ட மெகாஹேர்ட்ஸ். 1090 அதற்குள்ளே அடங்கும். எனக்கு வேண்டிய அலைவரிசைக்கென்றே செய்த ஆர்ஜி-6 கேபிள் எங்கள் லயத்தில் ஒவ்வொரு காம்பராவுக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் வேறொன்றை வாங்கி வந்திருக்கிறேன்.

ஆர்ஜி-6 மீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவில்தான் எடுக்கும். 40 மீட்டருக்கு 8. அது 75 ஓம், டொங்கிள் 50 ஓம், பொருந்தாதே என்று நான் இழுத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தப் பொருத்தமின்மையால் திரும்பிப் போவது நூற்றுக்கு நான்கு, 0.2 டெசிபெல்கூட இல்லை. இந்த ஒரு பயத்தால் மலிவான நல்ல கேபிளை விட்டுவிட்டு மெல்லிய 50 ஓம் கேபிளை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து வாங்காதீர்கள். டிஷ் கேபிளின் எஃப் கனெக்டரிலிருந்து டொங்கிளின் எஸ்எம்ஏ கனெக்டருக்கு மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்று போதும்.

அண்ணன் சொன்ன இன்னொன்று அதைவிடப் பெரியது. "டிஷ்ஷு முன்னால மூக்கு மாதிரி நிக்குதே எல்என்பி, அத ஏன் மேலயே வச்சிருக்கான்? வயர்ல எறங்குறதுக்கு முன்னாடியே பெருக்கிடணும். கீழ வந்தப்புறம் பெருக்கிப் பிரயோசனம் இல்ல."

இதுதான் முழு விஷயத்தின் சாரம். ஊற்றிலிருந்து வரும் வழியில் தண்ணீரில் மண் கலந்துவிட்டால், பீலியடியில் மோட்டர் வைத்து என்ன பயன்? மண்ணும் சேர்ந்துதான் வேகமாக வரும். கேபிளில் தேய்ந்து டொங்கிளின் சொந்த இரைச்சலுக்குக் கீழே போய்விட்ட அலையை, அப்புறம் எத்தனை மடங்கு பெருக்கினாலும் இரைச்சலும் கூடவே பெருகும். அன்டெனாவின் காலடியிலேயே, முதல் ஆளாக, நல்ல தரமான பெருக்கி ஒன்றை வைத்தால் அதன் பிறகு வரும் கேபிள் இழப்பு அவ்வளவாக வலிக்காது. எல்என்ஏ என்று கேட்டால் கிடைக்கும். அதற்குக் கரண்ட் தனியாக இழுக்க வேண்டாம். சில டொங்கிள்கள் அதே கேபிள் வழியாக 4.5 வோல்ட் அனுப்பும். ஒன்றைக் கவனியுங்கள்: மலிவான ஆர்ஜி-6 கேபிளின் நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பு. அலை மேல்தோலில் ஓடுவதால் அதற்குக் குறையில்லை, ஆனால் கரண்டுக்கு இரும்பு தடைதான். நீளம் கூடினால் மேலே போய்ச் சேரும் வோல்ட் குறையும். மீட்டரால் மேல் முனையில் அளந்து பார்த்துவிட்டு எல்என்ஏயை மாட்டுங்கள்.

நான் முதலில் வாங்கிய எல்என்ஏ என்னைத் திரும்பவும் குழப்பியது. பகலில் ஓரளவு, மாலையில் மோசம். எதிர் மலையில் ஒரு ஃபோன் டவர் இருக்கிறது. 900 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் அது போடும் சத்தம் 1090க்குப் பக்கத்து வீடு. வடிகட்டி இல்லாத என் பெருக்கி அதையும் சேர்த்துப் பெருக்கி, டொங்கிளைச் செவிடாக்கிக்கொண்டிருந்தது. 1090க்கு மட்டும் வழிவிடும் வடிகட்டி உள்ள எல்என்ஏ ஒன்றுக்கு மாறி, மென்பொருளில் கெயினை, அதாவது டொங்கிள் பெருக்கும் அளவை, உச்சத்திலிருந்து இரண்டு மூன்று படி இறக்கியதும் எண்ணிக்கை ஏறியது. கூட்டிக் கூட்டிப் பார்ப்பவர்கள் ஒரு தடவை குறைத்தும் பார்க்க வேண்டும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்பதை இந்தச் சமயத்தில்தான் கற்றேன். எத்தனை விமானம் என்ற எண் ஏமாற்றும். இரவில் கடலுக்கு மேலே போக்குவரத்துக் கூடும்போது ஒன்றும் செய்யாமலே அது ஏறும். நொடிக்கு எத்தனை செய்தி வருகிறது என்பதையும், ஒரே விமானத்தின் சிக்னல் அளவையும் குறித்துக்கொண்டு, ஒரே மணி நேரத்தை இரண்டு நாள் ஒப்பிட்டுப் பார்ப்பேன். சிவப்பு மட்டை போட்ட சிஆர் கொப்பி ஒன்று அதற்கென்றே இருக்கிறது.

பிறகு மழை வந்தது. வட்டவளையும் நோர்ட்டனும் தென்மேற்குப் பருவத்தில் எப்படி நனையும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்; ஜூனில் துணி காய்ந்தால் அதிசயம். ஜூன் தொடங்கி ஜூலை வரை கொப்பியில் எண்கள் மெல்ல மெல்ல இறங்கின. மழைத் துளியும் பனியும் அலையைத் தடுக்கின்றன என்று எல்லோரும் சொன்னார்கள். 1090 மெகாஹேர்ட்ஸில் மழை எடுப்பது கணக்கில் வராத அளவு. வெயில் அடித்த நாளிலும் எண் திரும்ப ஏறவில்லை என்பதுதான் எனக்குச் சந்தேகம் கொடுத்தது. மேலே போய் எஃப் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பாசி பிடித்த மாதிரி செம்பு. தண்ணீர் பின்னல் கம்பி வழியே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே போயிருந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை, காய வைத்தாலும் பழைய நிலைக்கு வராது.

இப்போது ஒவ்வொரு இணைப்பையும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால், இழுத்து இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றுகிறேன். கூரை ஓடு வேயும் முறைதான்: மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் ஏறி நிற்க வேண்டும். அதன்மேல் சாதாரண டேப். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பெட்டிக்கு மேலே ஓட்டை போடக் கூடாது. அடியில் ஒரு சிறு ஓட்டை கட்டாயம் வேண்டும், இங்கே இரவில் பெட்டிக்குள்ளேயே பனி கோத்துவிடும்.

2023இன் கடைசியில் ராஸ்பெரி பை ஒன்று கைக்கு வந்தது. அப்போதுதான் நான் ஒன்றரை வருடமாகத் தலைகீழாக யோசித்திருக்கிறேன் என்று புரிந்தது. அலையை ஏன் கீழே இழுத்து வர வேண்டும்? ரிசீவரையே மேலே ஏற்றிவிட்டால் போதுமே. டொங்கிளும் ராஸ்பெரி பையும் தொட்டியடிப் பெட்டிக்குள் போயின. அன்டெனாவுக்கும் டொங்கிளுக்கும் இடையில் இப்போது அரை மீட்டர் கேபிள். கீழே வருவது நெட்வேர்க் வயர். அதில் ஓடுவது இலக்கங்கள். 100 மீட்டர் வரை ஒரு செய்திகூடக் குறையாமல் வரும். ராஸ்பெரி பைக்கு வேண்டிய கரண்டும் அதே வயரில் மேலே போகிறது. யூஎஸ்பி வயரை நீட்டி டொங்கிளை மட்டும் மேலே வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஐந்து மீட்டருக்குள் என்றால் சரி, அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

இப்படி ஏற்றி வைப்பதில் ஒரு பயம் உண்டு, இடி. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரத்தில் இடி கட்டாமல் விடாது. மேட்டில் நிற்கும் இரும்புப் பைப்பிலிருந்து வீட்டுக்குள் ஒரு செப்பு வயர் வருகிறது என்பதை நான் மறப்பதில்லை. பைப்புக்கு எர்த் அடித்திருக்கிறேன். ஆனாலும் வானம் இருண்டால் முதல் வேலை, வயரைச் சுவரோரத்திலேயே கழற்றி வாசலுக்கு வெளியே போடுவது. ஒரு பின்னேரத்து விமானங்களைத் தவறவிடுவதில் ஒன்றும் இல்லை. நான் இல்லாத நேரம் அம்மா கழற்றிவிடுவார்.

இழப்பை எல்லாம் அடைத்த பிறகு வரைபடத்தில் விமானங்கள் தெரிந்த எல்லையை வரைந்து பார்த்தேன். வட்டமாக இல்லை, பிய்ந்த பூ மாதிரி இருந்தது. மேற்கே, தென்மேற்கே 350 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இதழ்கள். கிழக்கே, நுவரெலியாப் பக்கம், ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் எல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. எல்லாக் கேபிளையும் மாற்றியும் கிழக்கு இதழ் ஒரு கிலோமீட்டர்கூட வளரவில்லை. அங்கே நிறுத்துவது கேபிள் இல்லை, மலை. மலைநாட்டில் இந்த வேலை செய்பவர்கள் காசு செலவழிக்கும் முன் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். எந்தத் திசையில் எல்லை மலைமுகட்டோடு ஒட்டி வெட்டியது போல நிற்கிறதோ, அங்கே எதை வாங்கினாலும் பலன் இல்லை. எந்தத் திசையில் திறந்த வானம் இருந்தும் புள்ளிகள் மங்கி மங்கி உதிர்கின்றனவோ, அங்கேதான் உங்கள் டெசிபெல்கள் தொலைந்துகொண்டிருக்கின்றன. ஹப்புத்தளைப் பக்கம் தெற்கே கடல்வரை தெரியும் விளிம்பில் வீடு உள்ளவர்களை நினைத்தால் பொறாமையாகவே இருக்கிறது.

சாயங்காலம் தேநீரோடு அப்பா என் ஃபோனை வாங்கிப் பார்ப்பார். கிழக்கிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இறங்கும் விமானங்கள் சில எங்கள் தலைக்கு மேலே வரும். மலைக்குப் பின்னால் இருக்கும்வரை அவை படத்தில் இருக்காது; முகட்டைத் தாண்டி மேலெழுந்ததும் சட்டென்று ஒரு புள்ளி தோன்றும். போன வாரம் மழை விட்ட நேரம், வானம் முழுக்க மூடியிருந்தது. சத்தம் மட்டும் கேட்டது. அப்பா படத்தில் அதைக் கண்டுபிடித்து விரலை வைத்தார். புள்ளி ஏழு கன்னியர் மலைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

"இது எவ்வளவு ஒசரத்துல போகுது?"

"பதினாலாயிரம் அடிப்பா."

"மலைக்கு மேலதானே?"

"ரொம்ப மேலப்பா."

சத்தம் மேற்கே போய் ஓயும்வரை அவர் ஃபோனைத் திருப்பித் தரவில்லை.